ஒரு விரலுக்கான விளையாட்டு

எங்கள் ஸ்கேன் சென்டரில் அவளுக்குப் பெயர் கமா. டாக்டர்கள் படங்களைப் பார்த்துக்கொண்டே மைக்கில் கொட்டிவிட்டுப் போகும் அறிக்கைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. நான் காதில் விழுந்ததை அப்படியே அடித்துத் தள்ளிவிடுவேன். அவள் நிறுத்துவாள், திருப்பிக் கேட்பாள், டாக்டர் எங்கே மூச்சு வாங்கினார் என்று பார்த்து அங்கே ஒரு கமா போடுவாள். ஒரு தடவை, “கட்டி இல்லை கல்” என்று வேகமாகச் சொல்லிவிட்டு ஒரு டாக்டர் போய்விட்டார். கட்டி இல்லை, கல் என்றா, கட்டி, இல்லை கல் என்றா? அதைக் கேட்க மாடிப்படி ஏறி அவருடைய அறைக்கே போய் நின்றாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அவளுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. வேண்டாம் என்றும் இல்லை, வேண்டும் என்று யாரும் தலைகீழாக நிற்கவும் இல்லை. அண்ணன், அண்ணியோடு மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் இருந்தாள். அப்பா அம்மா காலமான பிறகு அவளைப் படிக்க வைத்தது அண்ணன்தான். அதை அவன் சொல்லிக்காட்டியதே இல்லை. அவள்தான் என்னிடம் அடிக்கடி சொல்லுவாள்.

அண்ணனுக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு செல்போன் ரிப்பேர் கடை. கடை என்றால் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு பொந்து. கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஆனால் கை ராசிக்காரன். தண்ணீரில் விழுந்தது, வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டது, குழந்தை கடித்தது என்று எதைக் கொண்டுபோனாலும், “வச்சுட்டுப் போங்க” என்பான். அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஆள் வராத நேரத்தில் போனில் கார்ப் பந்தயம் ஓட்டுவான். முகம் தெரியாத யார் யாரோடோ போட்டி. தோற்றால் மேஜையில் ஒரு குத்து விடுவான். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், “பார்த்துப்பா, மேல படிக்கட்டு இருக்கு” என்பார்.

ஒரு நாள் இடுக்கியிலிருந்து ஒரு திருகாணி நழுவி விழுந்தது. எள் அளவுதான் இருக்கும். காந்தத்தை வைத்துத் தேடி எடுத்தான். மறுபடி விழுந்தது. இடுக்கிதான் தேய்ந்துவிட்டது என்று புதிதாக வாங்கினான். புது இடுக்கியிலிருந்தும் விழுந்தது. வெளிச்சம் போதவில்லை என்று விளக்கை மாற்றினான். கொஞ்ச நாளில் ஷட்டர் பூட்டில் சாவியைத் திருப்ப இடது கைக்கு வலு இல்லாமல் போனது. அண்ணி கூடப் போய்க் கடையைப் பூட்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் வீட்டில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஸ்கேன் எங்கள் இடத்தில்தான் எடுத்தார்கள். அந்த அறிக்கை என் மேஜைக்கு வந்தது. அடித்து முடித்ததும் நானே எழுந்து போய் அவளிடம் சொன்னேன், மூளையிலும் தண்டுவடத்திலும் ஒன்றுமே இல்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று. அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை எல்லோருக்கும் அவள் செலவில் டீ. மறுவாரம் நரம்பு டாக்டர் அந்த அறிக்கையை வாசித்துவிட்டு, ஸ்கேனில் ஒன்றும் இல்லாததால்தான் தனக்குப் பயமாக இருக்கிறது என்றாராம். தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகிற நோய். அது படத்தில் தெரியாது. கை போகும், கால் போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். கண்ணும் இருக்கும்.

கடையை ஜெராக்ஸ்காரரே எடுத்துக்கொண்டார். யாரும் திரும்பி வாங்க வராத பழைய போன்கள் ஓர் அட்டைப் பெட்டி நிறைய வீட்டுக்கு வந்தன. அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

பந்தயக் காரை ஓட்ட இரண்டு கட்டைவிரலும் வேண்டும். இடது கட்டைவிரல் போனதும் கார் எல்லா வளைவிலும் சுவரில் போய் மோதியது. வேறு விளையாட்டுகளைத் தேடினான். ஒன்றில் இழுக்க வேண்டும், ஒன்றில் போனைச் சாய்க்க வேண்டும், ஒன்றில் இரண்டு விரலால் கிள்ளி விரிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை மடியில் போட்டுவிட்டுச் சொன்னான், “இதைச் செய்யறவனுங்க எல்லாம், உலகத்துல எல்லாருக்கும் ரெண்டு கை இருக்குன்னு நினைச்சுட்டானுங்க பாப்பா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் என்னிடம் வந்து, விளையாட்டு ஒன்று செய்யப் போகிறேன் என்றாள். பிள்ளைகளுக்கா என்று கேட்டேன். அண்ணனுக்கு என்றாள். எங்கள் இருவருக்கும் கம்ப்யூட்டரில் தெரிந்தது தட்டச்சும் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவதும்தான். ஆனால் அவள் ஓர் எழுத்துப் பிழைக்காக மாடி ஏறுகிறவள். விளையாட்டு செய்வதற்கென்றே இலவசமாக ஒரு மென்பொருள் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தாள். ஒரு பழைய லேப்டாப்பில் அதை இறக்கினாள். திறந்தாலே மாவு மெஷின் மாதிரி இரையும். விடியற்காலையில் எழுந்து, ஆபீசுக்குக் கிளம்புகிறவரைக்கும் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். பாடம் நடத்துகிறவர் வேறு மொழியில் வேகமாகப் பேசுவார். ஒலிப்பதிவைத் திருப்பிக் கேட்பதுதான் எங்கள் பிழைப்பே என்பதால் அதில் மட்டும் அவளுக்குச் சிரமமில்லை.

முதலில் செய்தது ஒரு நீலச் சதுரம். திரையின் மேலிருந்து விழுந்து தரையில் நிற்க வேண்டும். ஓடிப் போய் அண்ணனிடம் காட்டினாள். சதுரம் விழுந்தது, தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்க் காணாமல் போனது. தரையை வரைந்திருந்தாளே தவிர, அது கெட்டியான தரை என்று கணினிக்குச் சொல்லவில்லை. அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “பாவம், எங்க போய் விழுந்துச்சோ” என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தானாம். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அதுதான் என்று அவள் சொன்னாள்.

விளையாட்டுக்கு யோசனை கொடுத்தது மழை. ஜன்னல் கண்ணாடியில் துளிகள் இறங்குவதை அண்ணன் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு துளி நேராக வரும், தயங்கும், பக்கத்துத் துளியோடு சேரும், கனம் தாங்காமல் கிடுகிடுவென்று ஓடும். “இதை நான் ஓட்டினா எப்படி இருக்கும்?” என்று கேட்டான். அவ்வளவுதான். திரை ஒரு ஜன்னல் கண்ணாடி. ஒரு துளி இறங்கும். எங்கே தொட்டாலும் சரி, ஒரு தொடுதலுக்கு வலது பக்கம் திரும்பும், மறு தொடுதலுக்கு இடது பக்கம். வழியில் உள்ள துளிகளோடு சேர்ந்து பெரிதாக வேண்டும், சட்டத்தில் மோதிச் சிதறக் கூடாது. இழுக்க வேண்டாம், சாய்க்க வேண்டாம். ஒரு விரல் போதும்.

அண்ணனைப் போல இரக்கமில்லாத ஆளை நான் பார்த்ததில்லை என்பாள் கமா. வாரக்கணக்கில் கண் எரிய உட்கார்ந்து ஒன்றைச் செய்துகொண்டு போனால் இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, “போரடிக்குது பாப்பா” என்பான். ஆபீசில் எங்களிடம் காட்டினால் நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்போம். அவள் எங்கள் பேச்சை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. ஒரு தடவை மட்டும் கோபித்துக்கொண்டு, அப்படி என்னதான் வேண்டும் உனக்கு என்று அவனைக் கேட்டுவிட்டாள். அதற்கு அவன் சொன்னதை என்னிடம் வந்து சொன்னாள்.

“தோத்தா எனக்குக் கோபம் வரணும். ஆனா உன்மேல வரக் கூடாது, என்மேல வரணும். இப்ப உன்மேல வருது.”

அதற்கப்புறம் அவள் துளியின் வேகம், திரும்பும் வளைவு, சட்டத்துக்கும் துளிக்கும் நடுவே விடுகிற இடம் என்று எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி செய்தாள். அட்டைப் பெட்டியில் இருந்த பழைய போன்களுக்கு ஒவ்வொன்றாகச் சார்ஜ் போட்டு எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றில் துளி முட்டை மாதிரி நீண்டது. ஒன்றில் திரையின் அடிப்பாகம் வெட்டுப்பட்டது. ஒன்று சூடாகி அணைந்தே போனது. எந்தப் போனில் என்ன கோளாறு வரும் என்று அண்ணன் முன்கூட்டியே சொல்வான். அந்த நாட்களில் அவனுக்கு நாக்கு தடிக்க ஆரம்பித்திருந்தது. இருந்தாலும் பேசினான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் அண்ணியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அண்ணி அதிகம் பேசமாட்டாள். அவனைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புண் வராமல் இருக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் போடுவது, ஒரு கிண்ணம் கஞ்சியைப் புரையேறாமல் ஒரு மணி நேரம் ஊட்டுவது, எல்லாம் அண்ணி. அவன் உயரமான ஆள். அண்ணி அவன் தோளுக்குத்தான் வருவாள். ஒரு நாள் காலையில் அவனை நாற்காலிக்கு மாற்றக் கை கொடுக்கச் சொல்லி அண்ணி கூப்பிட்டிருக்கிறாள். கமா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், இதோ வந்துவிட்டேன் என்றாள். இரண்டாம் தடவை கூப்பிட்டதற்கும் அதே பதில். அண்ணி ஒருத்தியாகவே தூக்கி மாற்றிவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

“நீ ஒரு பொம்மையைச் செஞ்சு குடுத்துட்டு நல்ல பேரு வாங்கிக்கிற. தினமும் தூக்கறது யாரு?”

அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து காலை வேலைகளில் பாதியைக் கமா எடுத்துக்கொண்டாள். என்றாலும் சொன்ன சொல் சொன்னதுதான். இரண்டு பேருக்கும் நடுவே அது ஒரு கல் மாதிரிக் கிடந்தது. அண்ணி அந்த விளையாட்டை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. போனைத் துடைத்து வைக்கும்போதுகூடத் திரையைக் கவிழ்த்துத்தான் வைப்பாள்.

பேச்சு நின்றபோது வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது. ஒரு தாங்கியில் போனைப் பொருத்தி, அந்த விரல் படுகிற உயரத்துக்குக் கமா அதை இறக்கி வைத்தாள். பேசுவதற்கு அண்ணி ஒரு பலகை செய்தாள், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் எழுத்துகள். அவன் கண் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதை எதிரில் இருந்து படிக்க வேண்டும். நம் மொழியில் எழுத்து கொஞ்சமா நஞ்சமா? எல்லாவற்றையும் எழுதினால் சுவரே போதாது. ஆகையால் கொம்பு, கால், புள்ளி எதுவும் இல்லாமல் வெறும் வரிசை எழுத்துகள் மட்டும். அவன் த, ண என்று பார்த்தால் தண்ணீர். ப, த, ம என்றால் போதும். கமா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பாள். அண்ணி இரண்டாம் எழுத்திலேயே எழுந்து போய் வேண்டியதைக் கொண்டுவந்துவிடுவாள்.

விளையாட்டை எல்லோருக்குமாக வெளியிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன்தான். கமாவுக்குக் கூச்சம். தொட்டுத் திறக்கிற சின்னப் படம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று என்னையும் போட்டு வாட்டி எடுத்தாள். கடைசியில் ‘துளி’ என்று பெயர் வைத்து, ஆப் கிடைக்கிற இடத்தில் வெளியிட்டாள். நாங்கள் ஆபீசில் அத்தனை பேரும் இறக்கிக்கொண்டோம். பிறகு நாள் கணக்கில் வேறு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத முதல் ஆள் ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, ‘போர்’ என்று மட்டும் எழுதியிருந்தார். கமா வீட்டுக்குப் போய் அழாத குறையாக அதை அண்ணனிடம் காட்டினாள். அவன் கண்கள் பலகையைத் தேடின. ச. ன. ன. அண்ணி படித்துச் சொன்னாள்: “சொன்னேன்ல-ங்கறாரு.” மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு மூச்சில் மட்டும் தெரிந்தது.

அண்ணனுக்காக அவள் புதுப்புதுக் கட்டங்கள் செய்துகொண்டே இருந்தாள். அவன் ஒரு கட்டத்தைத் தாண்டினால் அவள் போனில் ‘ட்டிங்’ என்று ஒரு மணி அடிக்கும்படி வைத்திருந்தாள். ஆபீசில் பக்கத்து மேஜையில் எனக்கும் அது கேட்கும். காலையில் முதல் மணி அடித்ததும், “அண்ணன் எழுந்தாச்சு” என்பாள். மத்தியானம் அடித்தால், சாப்பிட்டு முடித்துவிட்டான் என்பாள். மணி அடிக்காத நாட்களில் ஒரு வரி அடிப்பாள், போனைப் பார்ப்பாள், ஒரு வரி அடிப்பாள். அப்படிப்பட்ட நாட்களில் கமாக்கள் எல்லாம் எங்கெங்கோ விழுந்து கிடக்கும்.

ஒரு வெயில் நாளில் சென்டரில் மின்சாரம் போய்விட்டது. எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். கமா வீட்டுப் படி ஏறிக்கொண்டிருக்கையில் கைப்பையில் ‘ட்டிங்’ கேட்டது. சரி, விளையாடுகிறான் என்று சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். கட்டிலருகே அண்ணி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தாங்கியில் போன். அண்ணனின் வலது கை போர்வைக்குமேல் மல்லாந்து கிடந்தது. அவன் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். அண்ணி திரையைத் தொட்டாள். மறுபடி மூடித் திறந்தான். தொட்டாள். அந்த ஒரு இமைப்புக்கும் அண்ணியின் விரலுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் துளி சட்டத்தில் மோதிச் சிதறியது. அண்ணி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்த விரலும் எப்போது போனது என்று கமாவுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டுக் கீழே இறங்கிப் போய், தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்புச் சத்தம் கேட்க ஏறி வந்து, தன்னிடம் சாவி இருந்தும் வாசல் மணியை அடித்தாள்.

மறுநாள் ஆபீசுக்கு வந்து என்னிடம் இதைச் சொன்னாள். கேட்டுவிட வேண்டியதுதானே என்றேன். “எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ்வளவு பாடுபடறாங்க. அதை நான் எப்படிக் கெடுக்கறது?” என்றாள். அவள் செய்தது ஒன்றுதான். அண்ணன் போனில் இருந்த விளையாட்டில் மட்டும் துளியின் வேகத்தைக் குறைத்தாள். கண் இமைத்து, அதை இன்னொருத்தி பார்த்து, விரல் கொண்டுபோய்த் தொடுகிற அளவுக்கு. ஏதோ ஒரு கோளாறு, சரி செய்தேன் என்று அவர்களிடம் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து மணிகள் அதிகமாக அடித்தன.

வாடைக் காற்று தொடங்கியபோது அவனுக்கு மூச்சு சிரமமாகிவிட்டது. ஒரு நாள் காலையில் ‘ட்டிங்’ கேட்டது. கமா எனக்குக் கண்ணால் சைகை காட்டிவிட்டு ஹெட்போனை மாட்டினாள். அந்த அறிக்கையை அவள் முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. அண்ணிதான். நானும் கூடப் போனேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி அவனைத் துடைத்து, தலை வாரி, புதுச் சட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தாள். அழவில்லை. கமா அவன் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, விளையாடிக்கொண்டுதானே இருந்தான், இப்போதுதானே விளையாடினான் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அண்ணி அவள் முதுகில் கை வைத்தாள்.

அதன் பிறகு கமா லேப்டாப்பைத் திறக்கவில்லை. வேலைக்கு வந்தாள், தட்டச்சு செய்தாள், போனாள். விளையாட்டை வெளியிட்ட இடத்திலிருந்து அறிவிப்புகள் வந்தன. புது விதிப்படி விளையாட்டைத் திருத்திப் போடாவிட்டால் நீக்கிவிடுவோம் என்று. அரை நாள் வேலைதான். நான் ஞாபகப்படுத்தினேன். செய்கிறேன் என்றாள். அதைத் திறந்தால் உள்ளே அவன் உடம்பு இறங்கிப் போன வேகமெல்லாம் எண் எண்ணாக எழுதியிருக்கும், தன்னால் பார்க்க முடியாது என்று இன்னொரு நாள் சொன்னாள். கெடு முடிந்தது. தேடினால் ‘துளி’ வராமல் போனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மழைக்காலம் திரும்பியபோது அண்ணிக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பார்த்ததுமே எடுத்துக்கொண்டார்களாம். தங்க அறையும் கொடுத்தார்கள். கமா போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூட்டை கட்ட நானும் போயிருந்தேன். அண்ணிக்குச் சாமான் என்று அதிகமில்லை. இரண்டு பெட்டி, ஒரு மெத்தை, பாத்திரம் கொஞ்சம். எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தோம். சுருட்டிய மெத்தையின் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் பெட்டியின் மேல்.

அண்ணி தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். மனசுல வச்சுக்க முடியல. கடைசியில அவரு விரல் அசையல. நான்தான் அழுத்தினேன்.”

“தெரியும் அண்ணி. நான் ஒரு நாள் பாத்தேன்.”

“நீ பாத்தது தெரியும். அடுத்த நாளே துளி மெதுவா இறங்குச்சே. அவருக்கும் தெரியும். உன்கிட்ட சொல்லாதேன்னாரு.”

கமா தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவருக்காக ஒருவர் மறைத்து, மூன்று பேருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

“அது இல்ல நான் சொல்ல வந்தது,” என்றாள் அண்ணி. “கடைசி மாசம் அவரு அதைப் பாக்கவே இல்ல. கண்ணைத் திறந்து வச்சிருக்கவே அவரால முடியல. தூங்கிட்டுத்தான் இருந்தாரு. நானா பக்கத்துல உக்காந்து ஆடினேன்.”

“ஏன் அண்ணி?”

“நிறுத்திடாதேன்னு சொல்லியிருந்தாரு. மணி அடிக்கலன்னா நீ அங்க தவிச்சுப் போயிடுவியாம்.”

கமா அண்ணி பக்கம் திரும்பினாள். “அன்னைக்குக் காலையில அடிச்சது?” என்று கேட்டாள்.

“அதுவும் நான்தான்.”

அவள் அழுத அழுகையை நான் இங்கே எழுதப் போவதில்லை. சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. அண்ணி அவளைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள். பழக்கப்பட்ட கை. ஒரு கை தோளுக்குக் கீழே, ஒரு கை தலைக்குப் பின்னால், படுக்கையில் இருப்பவரைத் தூக்குகிற மாதிரி. கொஞ்சம் அடங்கிய பிறகு அண்ணி சொன்னாள், “எனக்கு அந்த விளையாட்டு பிடிக்கவே இல்ல, தெரியுமா. ஒரு நாள்கூட.”

வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி மெத்தையை எடுக்க வந்தார். எதுவோ சரியில்லை என்று பார்த்துத் திரும்பிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். கமா முகத்தைத் துடைத்தாள். இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்திவிட்டுத்தான் கேட்டாள்.

“எது அண்ணி ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?”

அண்ணி அதை விளையாட்டைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். குறுக்கே இரண்டு கம்பி போட்ட ஜன்னல் ஒன்று வருமே, அது என்றாள். முதல் கம்பியைத் தாண்டுவதற்குள் துளி பெருத்துவிடுகிறது, அப்புறம் இரண்டாவதில் நுழையாது. அதற்குமுன் ஒரு துளியோடு சேராமல் ஒதுங்கிப் போக வேண்டும் என்று தனக்குப் பிடிபடவே பத்து நாளாயிற்று. எத்தனை தடவை சிதறியது என்று கணக்கே இல்லை. “அவரு தூங்கறாரேன்னு சத்தம் போடாம திட்டுவேன்,” என்றாள். விரலால் தன் முழங்கால் சேலையில் கம்பி இரண்டையும் வரைந்து காட்டினாள். கமா குனிந்து பார்த்தாள். இடைவெளி எவ்வளவு இருந்தது என்று கேட்டாள். ஓட்டுநர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். அண்ணி எழுந்திருக்காமல், இன்னொரு தடவை வரைந்தாள்.